கண்டதைச் சொல்லாத செய்னம்பு

கீழ்த்துறையில் இறந்த பெண்களின் மய்யித்தைக் குளிப்பாட்டும் செய்னம்பு என்ற அம்மையார் வாழ்ந்து வந்தார். ஊரில் எந்தப் பெண் மௌத்தானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெந்நீரை விளாவிச் சூடு பார்த்து, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் பக்குவமாகக் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி அனுப்புவார். வேலை முடிந்ததும் அவரை யாரும் உட்காரச் சொல்வதில்லை. கல்யாணத்துக்கும் அழைப்பதில்லை. மய்யித்தைத் தொட்ட கை பந்திக்கு ஆகாதாம்! நம் மார்க்கத்தில் அப்படியொரு சட்டம் எங்கே இருக்கிறது? ஊராரைக் கேட்டால்தான் தெரியும்.

கணவரைக் கடல் கொண்டுபோயிற்று, பிள்ளையும் இல்லை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நபிகள் நாயகத்தின் மீது சலவாத்து ஓதியபடியே தனியாக அமர்ந்திருப்பார். "தாயும் தகப்பனும் இல்லாம வளந்தவுகதானே நம்ம நாயகம். ஆளில்லாத வேதனைய அறிஞ்சவுக" என்று தமக்குத்தாமே சொல்லித் தேற்றிக்கொள்வார். ஆனாலும் ஒரு பயம் அவரை விடவில்லை. எல்லாரையும் குளிப்பாட்டி அனுப்பும் தம்மைக் கடைசியில் யார் தொடுவார்கள், தமக்காகத் தொழ யார் வந்து நிற்பார்கள் என்ற பயம் அது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். குளிப்பாட்டியவர் வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "முகம் எப்படி இருந்துச்சு? ஒளி இருந்துச்சா?" என்று துளைத்தெடுப்பார்கள். அம்மையார் மூச்சு விட மாட்டார். மய்யித்தைக் குளிப்பாட்டி, அங்கே கண்டதை மறைப்பவரை அல்லாஹ் மன்னிப்பான் என்று நாயகம் அவர்கள் சொன்னதை ஒரு மார்க்கப் பயானில் கேட்டிருந்தார். அன்று மூடிய வாய்தான். நல்லதோ கெட்டதோ, எதற்கும் திறந்ததில்லை.

படகுக்கார வீட்டு ஹாஜியம்மா மௌத்தானபோது வினை வந்தது. அவர் மகள் குல்சும் பீவி, கூட்டத்தின் நடுவே அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க உம்மா முகம் ஒளியா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ராத்தா. அம்புட்டுப் பேரும் கேக்கட்டும்."

"நான் சொல்றதில்ல தாயி. கோவிச்சுக்கிறாத."

"நல்லதச் சொல்லலாம்னு ஆலிம்சாவே சொல்றாகளே!"

"சொல்லலாம்தான். இன்னைக்கு இங்க சொல்லிப்புட்டு, நாளைக்கு இன்னொரு வீட்டுல வாய மூடிக்கிட்டு நின்னா, அந்த மய்யித்தப் பத்தி ஊரு என்ன நினைக்கும்?"

குல்சும் பிடித்திருந்த கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பெண்கள் கண், காது, மூக்கு வைத்து, ஹாஜியம்மா முகம் கறுத்துப்போயிருந்தது என்று ஆக்கிவிட்டார்கள். உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். அம்மையார் சொன்னால்தானே எனக்குத் தெரியும்!

"என் உம்மா மானத்தையே வாங்கிப்புட்டா. இனி அவ கை இந்த ஊரு மய்யித்து மேல படக் கூடாது" என்று குல்சும் கொதித்தாள். அவள் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இல்லை. பக்கத்து ஊரிலிருந்து வேறு பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அம்மையார் சொல்லவில்லை. அவர் வாசலை ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பெருநாளன்று இரண்டு ஆள் சோறு ஆக்கிவைத்து, கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. ஆறிய சோற்றைத் தனியாகத் தின்றுவிட்டு வாய்விட்டு அழுதார். "யா அல்லாஹ், தாங்க முடியல. ஆனா என் நாக்க மட்டும் நீ அவுத்து விட்றாத" என்று கையேந்தினார்.

சில ஆண்டுகள் கழித்துக் குல்சுமின் மூத்த மகள் ஸாஜிதா காய்ச்சலில் மௌத்தானாள். அவள் முதுகெல்லாம் வெண்குட்டம் பரவியிருந்தது. பெற்றவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இளையவளுக்கு நிச்சயமாகியிருந்த நேரம் அது. பக்கத்து ஊர்ப் பெண்கள் கண்டால் வெளியே கொட்டிவிடுவார்கள், கல்யாணம் நின்றுபோகும். குல்சும் தன்னந்தனியாக வந்து அம்மையாரின் வாசலில் நின்றாள்.

"ராத்தா, என் புள்ளைய நீங்க குளிப்பாட்டணும். உங்கள விட்டா எனக்கு..." என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேறொருவராக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பார்கள். நானும்தான் கேட்டிருப்பேன். அம்மையார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "தண்ணி காய வச்சாச்சா தாயி?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளையின் முதுகைக் கண்டபோதும் அவர் கை ஒரு நொடி தயங்கவில்லை. இளையவள் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

அம்மையாரின் உயிர் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், தொழுகைப் பாயிலேயே பிரிந்தது. படகுக்கார வீட்டுக் குல்சும் பீவி தன் கையாலேயே அவரைக் குளிப்பாட்டினாள். ஊர் மூக்கில் விரலை வைத்தது. "என் உம்மாவுக்கும் என் புள்ளைக்கும் செஞ்ச கை இது. நான் தொடாம யாரு தொடுறது?" என்று அவள் அழுதாள்.

அம்மையாரின் ஜனாஸாவைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனபோது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம். சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் ஆண்கள் தொழ வந்திருந்தார்கள். தொழுகை முடிந்தும் ஒருவரும் கலையவில்லை. பள்ளி கொள்ளாமல், முற்றம் கொள்ளாமல், தெருமணலிலும் வரிசை வரிசையாக நின்றார்கள். பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் கிடந்தவருக்காக அத்தனை பேர் ஜனாஸாத் தொழுகைக்குக் கையுயர்த்தித் தக்பீர் கட்டினார்கள். யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. அந்த நாளையும் நேரத்தையும் குறித்தவன் வல்ல நாயன்.

ஊராரின் குறைகளையெல்லாம் தம் நெஞ்சிலேயே அடக்கம் செய்த அம்மையாரை அவன் பொருந்திக்கொள்வானாக.