ஆடு எதற்கு என்று கேட்ட பெண்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சூடத்தை ஏற்றி அடித்துச் சத்தியம் செய்யலாம். ஒரு சொல் பொய்யானாலும் சொல்கிற நாக்கு இனிச் சோற்றின் ருசி அறியாமல் போகட்டும்.

முன்பு ஒரு காலத்தில், ஏதோ ஒரு நாட்டில், செண்பகவர்மன் என்றொரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரு விசித்திர ஆசை. மத்தியானச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்தால், அரண்மனைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் சொல்கிற ஓசை கேட்க வேண்டும். அப்போதுதான் தூக்கம் வரும். ஓசை நின்றால் விழிப்பு வரும். விழித்தால் கோபம் வரும். கோபம் வந்தால் யாருக்காவது வேலை போகும். ஆகையால் அந்த நாட்டில் கல்வி இடைவிடாமல் நடந்தது.

பாடம் ஒன்றே ஒன்றுதான்: அரசநீதிப் பாட்டு. ஆசான் ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். "மழைபோல் கொடுப்பான் மன்னன். வெயில்போல் காய்வான் பகைமேல். ஏய், ஆட்டை விரட்டு. நிழல்போல் காப்பான் குடிகளை." ராஜாவின் தாத்தாவும் இப்படித்தான் கற்றார், அப்பாவும் இப்படித்தான் கற்றார். முடிசூட்டு விழாவில் புது ராஜா இதை ஓதும்போது, ஆட்டு வரி வந்ததும் வெள்ளித்தடி பிடித்த ஒருவர் எழுந்து வெறுங்காற்றை வாசல்வரை விரட்டிவிட்டு வருவார். அவருக்கு 'ஆடுவிரட்டி நாயகம்' என்று பதவி. பதவிக்கு ஒரு முழுக் கிராமம் மானியம். பதவியில் இருந்தவர் தலைமை ஆசான் வாகீசப் பண்டிதரின் மைத்துனர். ஆடு என்பது ஆசை, தடி என்பது ஞானம் என்று பண்டிதர் அந்த வரிக்கு ஒரு பெரிய உரையே எழுதி வைத்திருந்தார்.

அவையின் விகடகவி கொழுந்தப்பன். ஒருநாள் அவன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மகள் செங்கமலம் வாசலில் வந்து நின்றாள். எட்டு வயது. உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது.

"என்னடி, பள்ளிக்கூடம் அதுக்குள்ள விட்டாச்சா?"

"என்னைய மட்டும் விட்டாங்க. இனிமே வரக்கூடாதாம்."

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலப்பா. ராஜா பாட்டுல ஆடு எதுக்கு வருதுன்னு கேட்டேன். எல்லாப் புள்ளைங்களும் பாடுறத நிப்பாட்டிட்டு, ஆமா எதுக்குன்னு பண்டிதரையே பாத்துச்சுங்க. அவருக்குத் தெரியல. அடிச்சிட்டாரு."

கொழுந்தப்பன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன்தான். ஆனால் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துத் தெருநாய்கூட ஒதுங்கிப் போனது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதற்கு மனமில்லாமல் இத்தனூண்டு கையில் பிரம்பை இறக்குவதற்குப் பெயர் கல்வியா?

அவன் அவைக்குப் போவதற்குள் பண்டிதர் அங்கே போய் நின்றிருந்தார். ராஜா சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"மன்னர் பெருமானே, இவர் மகள் எழுப்பிய கேள்வியால்தான் தங்கள் துயில் கலைந்தது. கேள்வி ஒரு தொற்றுநோய். உடன் படிக்கும் இளவரசருக்கும் பரவிவிட்டது. ஆடு எதற்கு என்று சற்றுமுன் என்னிடமே கேட்கிறார்!"

"மன்னா, குழந்தை கேட்டதில் குற்றம் என்ன?" என்றான் கொழுந்தப்பன்.

"எம் தூக்கம் போயிற்று. அது போதாதா?" என்றார் ராஜா.

பண்டிதர் இனிமையாகச் சிரித்தார். "ஒரு சோதனை வைப்போம், மன்னா. நாளை அவையிலேயே பாடம் நடக்கட்டும். ஆசான் வாயிலிருந்து வருவதை ஒரு சொல் விடாமல், ஒரு சொல் கூட்டாமல் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையும் கேள்வி கேட்கக் கூடாது. விகடகவியே அவர்களைத் தயார் செய்யட்டும். வென்றால் மகள் பள்ளிக்கு வரலாம். தவறினால் மகளுக்குப் படிப்பு இல்லை. இவருக்கு அவை இல்லை."

பிள்ளைகளைக் கேட்காமல் இருக்கச் செய்வதும் கோழிக்குஞ்சைக் கொத்தாமல் இருக்கச் செய்வதும் ஒன்று. பண்டிதருக்கு அது நன்றாகத் தெரியும். ராஜாவோ, "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கொழுந்தப்பன் நேரே பிள்ளைகளிடம் போனான். "கண்ணுங்களா, நாளைக்கு ஐயா வாயிலேருந்து என்ன வந்தாலும் அப்படியே சொல்லணும். அவரு தும்முனா நீங்களும் தும்மணும். செங்கமலத்துக்காகச் செய்வீங்களா?"

"செய்வோம்!" என்று முதலில் கத்தியது இளவரசன்.

மறுநாள் அவை கூடியது. கொழுந்தப்பன் கனிந்து வெடித்த பலாப்பழம் ஒன்றைப் பிளந்து பண்டிதரின் காலடியில் காணிக்கையாக வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது. பாடம் தொடங்கியது. ராஜா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"மழைபோல் கொடுப்பான் மன்னன்."

"மழைபோல் கொடுப்பான் மன்னன்!"

பலாப்பழ வாசனைக்கு ஊரில் உள்ள ஈ எல்லாம் வந்து சேர்ந்தது. பழத்தில் இடம் கிடைக்காதவை பண்டிதரின் மூக்கில் உட்கார்ந்தன.

"வெயில்போல் காய்வான்... சை, சனியன் பிடிச்ச ஈ!"

"வெயில்போல் காய்வான் சை சனியன் பிடிச்ச ஈ!"

"டேய், அதைச் சொல்லாதீங்கடா!"

"டேய், அதைச் சொல்லாதீங்கடா!"

"யாருடா இந்தப் பழத்தை இங்கே வெச்சது?"

"யாருடா இந்தப் பழத்தை இங்கே வெச்சது?"

"கேள்வி! கேள்வி கேட்டுட்டாங்க!" என்று பண்டிதர் துள்ளினார். பிள்ளைகளும் அதையே சொல்லித் துள்ளினார்கள்.

"கேட்டவர் ஆசான், மன்னா. பிள்ளைகள் ஒப்பித்தார்கள்," என்றான் கொழுந்தப்பன், கையைக் கட்டிக்கொண்டு.

பண்டிதருக்கு வாய்க்குள்ளேயே ஓர் ஈ போய்விட்டது. அதைத் துப்பிவிட்டு, மைத்துனர் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்: "மச்சான், அந்தத் தூங்குமூஞ்சி ராஜாவை எழுப்பித் தொலைங்க! இதுங்க வாயை அடைக்கச் சொல்லுங்க!"

பிள்ளைகள் கிசுகிசுக்கவில்லை. அவை அதிர்ந்தது. "தூங்குமூஞ்சி ராஜாவை" என்ற இடத்தில் இளவரசனின் குரல் தனியாகக் கேட்டது.

ராஜா கண்ணைத் திறந்தார்.

"மன்னா," என்றான் கொழுந்தப்பன். அவன் குரலில் விகடம் இல்லை. "ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல் கூட்டவில்லை. இதுதானே தாங்கள் விரும்பிய கல்வி? இனி இதைத்தான் இவர்களின் பிள்ளைகளும் ஓதுவார்கள். தங்கள் பேரனின் பேரன் முடிசூடும்போது, 'தூங்குமூஞ்சி ராஜாவை எழுப்பித் தொலைங்க மச்சான்' என்று கம்பீரமாகச் சொல்வான். ஈ என்பது மாயை என்று ஒருவர் உரை எழுதுவார். ஈ ஓட்டுவதற்கு ஒருவர் கிராமம் வாங்குவார். எதற்கு என்று கேட்கிற குழந்தையின் கையில் மட்டும் பிரம்படி விழும்."

ராஜா மெல்ல நிமிர்ந்தார். "அப்படியானால்... அந்த ஆடு?"

"எந்தக் காலத்திலோ வகுப்புக்குள் ஓர் ஆடு நுழைந்திருக்கிறது, மன்னா. ஆசான் விரட்டச் சொன்னார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். இத்தனை தலைமுறையில் அந்த ஆட்டை ஆடாகப் பார்த்தவள் என் மகள் ஒருத்திதான். அதற்கு அவளுக்குக் கிடைத்தது இது." பக்கத்தில் நின்ற மகளின் கையை விரித்துக் காட்டினான்.

ராஜா அந்தக் கையைப் பார்த்தார். வெள்ளித்தடியோடு நின்ற மைத்துனரைப் பார்த்தார். "முடிசூடிய அன்று நானும் விரட்டச் சொன்னேனே! அத்தனை நாட்டு மன்னர் முன்னால்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகுடம் நழுவி மடியில் விழுந்தது.

சிரித்து ஓய்ந்ததும் தீர்ப்புச் சொன்னார். ஆடுவிரட்டிப் பதவி ஒழிந்தது. அந்தக் கிராமத்து வருமானம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. கொழுந்தப்பனுக்கு முத்துமாலை. பண்டிதர் தினமும் பிள்ளைகள் முன் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

"முதல் கேள்வியை நீயே கேள், அம்மா," என்றார் ராஜா.

செங்கமலம் கொஞ்சம் யோசித்தாள். "ஐயா, நாங்க தூங்குனா அடிக்கிறீங்க. ராஜா மட்டும் ஏன் பாடம் நடக்கிறப்ப தூங்குறாரு?"

பண்டிதர் ராஜாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "தெரியாது!" என்று அலறினார். ராஜா மறுபடி சிரித்தார். அன்று முதல் அவர் பகலில் தூங்கவில்லை. பிள்ளைகளின் கேள்விச் சத்தம் தூங்க விடவில்லை.

முதலில் செய்த சத்தியம் அப்படியே இருக்கட்டும்; அந்த நாட்டில் பள்ளிக்கூடம் என்று ஒன்று இன்றுவரை இருந்ததே இல்லை.