சாம்பார் விடட்டுமா?

தென்காசியில் வைகுண்டம் முதலாளி தம் சாப்பாட்டுக் கடை வாசலில் 'இலவச வைஃபை' என்று போர்டு மாட்டினார். வந்தவர்கள் ஒரு காபியோடு லேப்டாப்பை விரித்து, மத்தியானம் வரை அசையவில்லை. சாப்பிட வந்த குடும்பங்கள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பின.

முதலாளி சப்ளையர் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார். "பத்து நிமிஷத்துல மேசையெல்லாம் காலியாகணும்வே. வைஃபையை நிறுத்தக் கூடாது, யாரையும் எந்திரிக்கச் சொல்லவும் கூடாது. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

"சரிங்க முதலாளி" என்றார் பேச்சிமுத்து. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் பக்கத்தில் வாழையிலை விரித்துத் தண்ணீர் தெளித்தார். பிறகு ஆவி பறக்கும் வாளியோடு, "சாம்பார், சாம்பார்!" என்று வந்தார். கரண்டி உயர்ந்ததுதான் தாமதம், படபடவென்று லேப்டாப்புகள் மூடின. அத்தனை பேரும் அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

ஒரு மேசைதான் பாக்கி. ஜன்னலோரம் ஆறு பேர் உட்காரும் மேசையில் முதலாளியே லேப்டாப்பில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து அங்கேயும் இலை போட்டார்.

"என்னவே, எனக்குமா?"

"மேசையெல்லாம்னு சொன்னீங்களே முதலாளி. உங்களை நான் எந்திரிக்கச் சொல்லலை. சாம்பார் விடட்டுமா?"

முதலாளி லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தார். அப்போது வாசலுக்கு வந்த ஒரு குடும்பம் அந்த மேசையில் வந்து உட்கார்ந்தது.