மருதமரத்துச் சோளக் குவியல்

ஆற்றங்கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதன் உச்சிப் பொந்தில் அணில் வரியம்மா தன் குட்டிகளோடு குடியிருந்தாள். நடுப்பொந்தில் கிளி பச்சைநாயகி. வேருக்கு அடியில் வளை தோண்டி, வெள்ளெலி சடையனின் குடும்பம்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு மணலாகிக் கிடந்தது. கோடை இன்னும் வரவே இல்லை, அதற்குள் வரியம்மாவின் பொந்தில் நாலு புளியங்கொட்டைதான் மிச்சம்.

ஒரு நாள் காட்டில் செய்தி பரவியது.

“கணக்கெடுக்க வர்றாங்களாம்! வீடு வீடா வந்து, யார்கிட்ட எவ்வளவு தீனி இருக்குன்னு கேக்கிறாங்களாம்!”

காட்டுத் தலைவியான யானைப் பெரியம்மாதான் ஏற்பாடு செய்திருந்தாள். கேட்டுவரும் வேலை மைனா பொன்மூக்கிக்கு. பொன்மூக்கி ஆற்றின் அக்கரையை முடித்துவிட்டாள். அடுத்தது மருதமரம்!

வரியம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு சடையனின் வளைக்கு ஓடினாள்.

“சடையண்ணே! மைனா வர்றாளாம். என் பொந்து வழிச்சு வச்ச மாதிரி இருக்கு. வீட்டுக்கு ஒருத்தி வர்ற நேரத்துல இப்படிக் காட்டலாமா? மானம் போயிடும்!”

“அதுக்கு நான் என்னம்மா பண்ண?”

“உங்க சோளத்தைக் கொஞ்ச நேரம் குடுங்க. அவ போனதும் திருப்பித் தந்துடறேன்.”

சடையன் மீசையைத் தடவிக்கொண்டான். அவனிடம் ஒரு குவியல் சோளம் இருந்தது. சிக்கனமாகத் தின்றால் அவன் குடும்பத்துக்குக் கோடை வரை வரும். அவ்வளவுதான். ஆனாலும் மருதமரத்தில் அது ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அக்கம்பக்கத்தார் தங்களிடம் இருப்பதைக் கொண்டுபோய் அந்த வீட்டை நிறைத்து வைப்பார்கள். வந்தவர் வெறும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது.

“சரி, எடுத்துக்க” என்றான்.

மேலேயிருந்து பச்சைநாயகி எட்டிப் பார்த்தாள். “அப்போ எனக்கு? உச்சிப் பொந்து நிறைஞ்சிருந்து என் பொந்து காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? அவ வீட்டைப் பார்த்து முடிச்சதும் எனக்கு இறக்கி விடுங்க!”

“எனக்கும் கடைசியில வந்து சேரணும் தாயே” என்றான் சடையன். “என் வீட்டுக்கும் வருவாளே!”

சோளத்தைத் தேக்கிலையில் மூட்டையாகக் கட்டி இழுத்துக்கொண்டு போய் உச்சிப் பொந்தில் குவித்தார்கள். வரியம்மாவின் கடைக்குட்டி, தான் விளையாட வைத்திருந்த குன்றிமணி ஒன்றை அந்தக் குவியலின் உச்சியில் வைத்து அழகு பார்த்தது.

பொன்மூக்கி வந்தாள். பொந்து வாசலில் பணிவாக உட்கார்ந்தாள்.

“வரியக்கா, ஒண்ணு சொல்லிடறேன். நீங்க சொல்றது எதுவும் என் அலகைத் தாண்டாது. மரத்துக்கு எவ்வளவுன்னு மொத்தத்தை மட்டுந்தான் பெரியம்மாகிட்ட சொல்லுவேன். அதனால பயப்படாம, உள்ளதைச் சொல்லுங்க.”

“எனக்கென்ன பயம்? உள்ள வந்து பாரேன்!”

பொன்மூக்கி பார்த்தாள். கண் விரிந்தது. “அடேயப்பா! எல்லாம் உங்களோடதா?”

“வேற யாரோடது?”

“போன மாசம் பிள்ளைங்க என்னிக்காவது பசியோட தூங்கினதுண்டா?”

“எங்க வீட்டிலயா? பசின்னா என்னன்னே என் பிள்ளைங்களுக்குத் தெரியாது!”

கடைக்குட்டி தலையைத் தூக்கியது. “அம்மா, நேத்து வயித்துக்குள்ள கிள்ளுதுன்னு அழுதேனே, அப்போ அது என்ன?”

“அது வயித்துப்பூச்சி! நீ சும்மா இரு!”

பொன்மூக்கி ஒரு கணம் குட்டியைப் பார்த்தாள். பிறகு பார்வையை வரியம்மாவிடம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்காரி சொல்வதைத்தான் அவள் ஏற்க வேண்டும்.

வரியம்மா அவளை வாசலுக்குக் கூட்டி வந்து, பேச்சைக் குட்டிகளின் பல் முளைத்த கதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் பேசிக்கொண்டிருக்கையிலேயே பின்பக்கத் துளை வழியாகச் சோளம் நடுப்பொந்துக்கு இறங்கியது. அங்கே பச்சைநாயகி தன் மாமியாரின் மூட்டுவலியைப் பற்றி நீட்டி முழக்கினாள். அதற்குள் சோளம் சடையனின் வளைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று வீட்டிலும் சோளக் குவியல். மூன்று குவியலின் உச்சியிலும் ஒரு குன்றிமணி!

“இந்த மரத்துல தீனி மேல குன்றிமணி வைக்கிற வழக்கம் போல இருக்கு” என்று நினைத்துக்கொண்டே பொன்மூக்கி பறந்து போனாள்.

அன்றைக்கு மருதமரத்தில் ஒரே சிரிப்பு. “எப்படி நம்ம சாமர்த்தியம்!” என்று பச்சைநாயகி சிறகைத் தட்டினாள்.

சில நாள் கழித்து யானைப் பெரியம்மா எல்லாரையும் மலைக்குகைக்கு வரச் சொன்னாள். குகைக்குள் மூங்கிலரிசி மலை போலக் குவிந்து கிடந்தது. மூங்கில் பூத்தபோது யானைகள் சேர்த்து வைத்தது.

“பிள்ளைங்களா! கோடை கடுமையா இருக்கப் போகுது. இதை எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தா பத்தாது. அதான் யாருக்கு இல்லையோ அவங்களுக்குக் குடுக்கலாம்னு கணக்கெடுத்தோம்.”

வரியம்மா பச்சைநாயகியைத் திரும்பிப் பார்த்தாள்.

பெரியம்மா ஒவ்வொரு மரமாகப் பேர் சொல்லிப் பங்கு வைத்தாள். மருதமரத்தின் முறை வந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“மருதமரத்துக்காரங்க நல்லா இருக்கீங்க! கேக்கவே சந்தோஷமா இருக்கு. உங்களுக்கு இந்த அரிசி வேண்டியதில்லை. அதோட ஒரு உதவி. தீப்பிடிச்ச மேட்டுக்காட்டுல பாவம், ஒண்ணுமே இல்லை. உங்க வீடுகள்ல இருக்கிறதுல மூணில் ஒரு பங்கை அவங்களுக்குக் குடுங்க. நாளைக்கு ஆள் அனுப்புறேன்.”

கூட்டமெல்லாம் மருதமரத்துக்காரர்களைப் பார்த்துக் கைதட்டியது. சடையன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீடு திரும்பும்போதுதான் அவன் வாயைத் திறந்தான். “வரியம்மா, மூணு வீட்டுக்கும் சேர்த்து இருக்கிறது ஒரே குவியல். வீட்டுக்கு மூணில் ஒண்ணுன்னு மூணு தடவை எடுத்தா என்ன மிஞ்சும்?”

அவனே விரல் விட்டுக் கணக்குப் போட்டான்.

“உமிதான் மிஞ்சும்!” என்றான் அவன். “உனக்குக் குடுத்த என் பிள்ளைங்களும் பட்டினி. வாங்கின உன் பிள்ளைங்களும் பட்டினி.”

“நீங்களும்தானே தலையாட்டினீங்க!” என்று பச்சைநாயகி கத்தினாள்.

வரியம்மா சண்டைக்கு நிற்கவில்லை. குகைப் பக்கமே திரும்பி, நேரே பொன்மூக்கியிடம் ஓடினாள்.

“மைனா, என் கண்ணு! அந்தச் சோளம் என்னோடது இல்லை. நீயே பெரியம்மாகிட்ட சொல்லிடேன். எனக்கு வெக்கமா இருக்கு.”

பொன்மூக்கி பெருமூச்சு விட்டாள். “அக்கா, அந்தக் குன்றிமணியைப் பத்தி எனக்கும் அப்புறம் சந்தேகம் வந்துச்சு. ஆனா உங்க வீட்டு விஷயம் என் அலகைத் தாண்டாதுன்னு வாக்குக் குடுத்துட்டேனே. உங்களுக்கு மட்டுமா குடுத்தேன்? காட்டுக்கே குடுத்திருக்கேன். ஒரு தடவை மீறினா அடுத்த வருஷம் எனக்கு யார் கதவைத் திறப்பாங்க? நான் சொல்ல முடியாது. நீங்க சொல்லலாம்.”

“எல்லார் முன்னாடியுமா?”

“பெரியம்மா இன்னும் குகை வாசல்லதான் நிக்கிறாங்க. கூட்டமும் கலையலை.”

வரியம்மா திரும்பிப் பார்த்தாள். கடைக்குட்டி அவளைத் தேடிப் பின்னாலேயே வந்திருந்தது. “அம்மா, வயித்துப்பூச்சி மறுபடியும் கிள்ளுது” என்றது.

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. குகை வாசலில் இருந்த பாறையின் மேல் ஏறினாள்.

“பெரியம்மா! என் பொந்துல நாலு புளியங்கொட்டைதான் இருக்கு. மைனாகிட்ட நான் காட்டினது இரவல் சோளம். என் பிள்ளைங்க பசியோடதான் தூங்குதுங்க. நான்தான் வெக்கப்பட்டு மறைச்சிட்டேன்.”

கூட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

பின்னாலேயே ஒரு குரல். “நானும் அதே சோளத்தைத்தான் காட்டினேன்” என்றாள் பச்சைநாயகி, சிறகுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு.

“சோளம் என்னுது. இரவல் குடுத்தது என் தப்பு” என்றான் சடையன்.

பெரியம்மா ஒன்றும் புரியாமல் மூவரையும் பார்த்தாள். பிறகு பொன்மூக்கியைப் பார்த்தாள். பொன்மூக்கி வானத்தைப் பார்த்தாள். பெரியம்மாவுக்கு வயிறு குலுங்கிச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் குகையே அதிர்ந்தது.

“அட கூறுகெட்டதுங்களா! ஒரே குவியல் மூணு வீட்டுல ஏறி இறங்குச்சா! விருந்துக்கு வந்தவளுக்குக் காட்டுறதை, நிலைமையைக் கேக்க வந்தவளுக்குக் காட்டினா நான் எப்படி உங்களுக்குச் சோறு போடுறது? நல்லவேளை, அரிசி இன்னும் வெளியே போகலை. பொன்மூக்கி, மருதமரத்துக்கு மறுபடியும் போ!”

பொன்மூக்கி மறுபடியும் உச்சிப் பொந்தின் வாசலில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை வரியம்மா எதையும் மறைக்கவில்லை.

“பார்த்துக்க. நாலு புளியங்கொட்டை. மூணு குட்டி. அவ்வளவுதான் நாங்க.”

பொன்மூக்கி தலையசைத்தாள். கிளம்பத் திரும்பினாள்.

“நில்லு!” வரியம்மா ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் பாதியாகக் கடித்து, ஒரு பாதியை அவள் முன்னால் வைத்தாள். “என் வீட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போவியா?”

“அக்கா! அப்போ நான் மூணரைன்னு சொல்லணுமே!”

“தாராளமா சொல்லு. இருக்கிறது அதுதானே!”

இருவரும் சிரித்தார்கள். பொன்மூக்கி அந்தப் பாதியைத் தின்றாள். அடுத்த நாள் மருதமரத்துக்கு மூங்கிலரிசி வந்தது. அந்தக் கோடை முழுக்கக் கடைக்குட்டியை வயிற்றுப்பூச்சி கிள்ளவே இல்லை.

விருந்துக்கு வந்தவருக்கு வீட்டை நிறைத்துக் காட்டலாம். ஆனால் நம் நிலைமையைக் கேட்டு வந்தவரிடம் இல்லாததை இருப்பதாகச் சொன்னால், நமக்கு வர வேண்டிய உதவியை நாமே வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள் ஆவோம்.