வரிசையில் முளைத்த தென்னம்பிள்ளை

என் பெயர் இருதயராஜ். வயது இருபத்து மூன்று, இருப்பது குவைத்தில். வீட்டில் எல்லோருக்கும் ஒரு கதை சொல்கிறேன். நான் பேசப் பேசப் போனே எழுதிக்கொள்கிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னொரு காலத்தில், வாய்தா என்ற சொல் பிறந்து தவழத் தொடங்கியிருந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அவருக்கு ஓர் ஆசை வந்தது. இன்னும் முப்பது வருடம் கழித்து நம் நாட்டு நீதிமன்றங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஜனங்களிடமே கேட்டுத் திட்டம் போட வேண்டும். அதற்கு வழி காட்டுபவருக்குச் சிம்மாசனத்தின் இடப்பக்கம் ஓர் ஆசனம்.

நீதிமன்றங்களைப் பார்த்துவந்த மந்திரி விழுப்பரையருக்கு அந்த இடத்தின் மேல் வெகுகாலமாகக் கண். ஆனால் ராஜா திரும்பிப் பார்ப்பதெல்லாம் விகடகவி குழைக்காதனைத்தான். அவன் தும்மினாலும் ராஜா சிரிப்பார். விழுப்பரையரும் வீட்டில் கண்ணாடி முன்னால் அதே மாதிரி தும்மிப் பார்த்தார். மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

இந்தத் தடவை அவனை ஒழித்துவிடுவது என்று சபையில் எழுந்தார்.

"மகாராஜா, ஜனங்களின் கருத்தைக் கொண்டுவரக் குழைக்காதரே தகுந்தவர். ஆனால் ஓலையில் எழுதினால் திரித்துவிடுவார்கள். வாயால் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள். ஜனங்களை உள்ளே விட்டால் சபையின் மரியாதை கெடும். எனவே எழுத்து, பேச்சு, ஆள் எதுவும் இல்லாமல் கருத்து மட்டும் நாளை இங்கே வர வேண்டும். வராவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

விழுப்பரையர் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் குழைக்காதன் ஒரு பெரிய கூடையோடு வந்தான். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சிம்மாசனத்திலிருந்து வாசல் வரை வரிசையாக வைத்தான். முதலில் முழங்கால் உயரத்துக்கு முளைத்த ஒரு தென்னம்பிள்ளை. அதன் பின்னால் ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு, மூக்கு உடைந்த கெண்டி.

"என்னய்யா இது குப்பை?" என்றார் விழுப்பரையர்.

குழைக்காதன் வாயைப் பொத்திக்கொண்டு வாசலைக் காட்டினான். வாசலுக்கு வெளியே ஒரு கூட்டம் வரிசை கலையாமல் நின்றிருந்தது.

ராஜா இறங்கிவந்து தென்னம்பிள்ளையைத் தொட்டார். "யாருடையது இது?"

"என்னோடதுங்க ராசா" என்றாள் வெளியே முதலில் நின்ற செங்கமலம். "நீதிமன்ற வாசல்ல எடம் புடிச்சு வச்சது. வைக்கும்போது வெறும் தேங்காதான். இன்னிக்கு எங்க எடமெல்லாம் கூடையில ஏறி இங்க வந்துருச்சு. அதான் நாங்களும் பின்னாலயே வந்துட்டோம்."

"உன் வழக்கு என்னம்மா?"

"கெணத்துப் பங்குங்க. பக்கத்து வீட்டுக்காரரு தண்ணி எறைக்க விடமாட்டேங்குறாரு. வயலு காயுது."

"முப்பது வருடம் கழித்து நீதிமன்றம் எப்படி இருக்க வேண்டும் என்கிறாய்?"

"அம்புட்டுத் தூரம் நமக்கு எதுக்குங்க. இது காய்க்கிறதுக்குள்ள என் பேரக் கூப்பிட்டாப் போதும். இல்லாட்டி எளநி வெட்டித் தர்றேன், நீங்களும் வந்து உக்காருங்க. சேர்ந்தே காத்திருப்போம்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதில் இறங்கியது. "திட்டம் கிடைத்துவிட்டது. இனி நம் நாட்டில் வரிசையில் வைத்த எதுவும் முளைக்கக் கூடாது" என்றார். கிணற்று வழக்கை அங்கேயே கேட்டு, அன்றைக்கே செங்கமலத்துக்குத் தண்ணீர் விடச் சொன்னார். தன் மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதன் விரலில் போட்டு, "ஆசனத்தில் உட்காரும்" என்றார்.

"வரிசையில் முதலில் நின்றவருக்குத்தானே மகாராஜா முதல் இடம்" என்று சொல்லி, குழைக்காதன் தென்னம்பிள்ளையைத் தொட்டியில் வைத்து ஆசனத்தில் ஏற்றினான்.

"மகாராஜா, எனக்கு ஒரு முறையீடு உண்டு" என்றார் விழுப்பரையர்.

"அதற்கென்ன, செருப்பைக் கழற்றிக் கெண்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வாரும்."

அன்றுவரை அவருக்கு ஒரு மனிதன் மேல்தான் பொறாமை. அன்றிலிருந்து ஒரு தென்னம்பிள்ளை மேலும்.

இதைப் படிக்கிற நம் வீட்டு ஆட்களுக்கு: நம் வழக்கில் வருகிற வாய்தாவுக்கும் அம்மா தனியாகத்தான் நீதிமன்றம் போவார்கள். யாராவது ஒருத்தர் கூடப் போய் உட்காருங்கள்.