தலை நிமிராத வாசகம்

கடலைப் பார்த்த மாதா கோயில் அது. வாசக மேடையில் நின்று நிமிர்ந்தால் வாசலுக்கு நேரே தண்ணீர்தான் தெரியும். புருஷன் கஸ்பாரைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து, பதினோரு மாதமாக, மெற்றில்டா அங்கே நின்று தலையை நிமிர்த்தியதே இல்லை.

பூசை வைக்கப் பங்குச்சாமி மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் தொபியாஸ் செபம் நடத்துவார், மெற்றில்டா வேதம் வாசிப்பாள். கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வாய் ஓயாத மனுஷன். அவர் பேசத் தொடங்கினால் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வரலாம் என்று ஊரே கேலி செய்யும்.

சனிக்கிழமை சாயங்காலம் வேதப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இனி வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க, உபதேசியாரே."

"ஏங்க்கா?"

"நாளைக்கு என்ன வாசகம்? ஆண்டவர் கடலை அடக்குறாரு. புத்தகத்துல இருக்கிறவரு காத்தை அதட்டுறாரு. இந்தக் கடலைப் படைச்சவரு எங்க வீட்டுக்காரரைக் கொண்டுபோயிட்டாரு. ரெண்டு பேரும் ஒருத்தர்தானா?"

தொபியாஸ் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவளும் தரையைப் பார்த்தபடி பின்னால் போனாள்.

"கஸ்பார் அண்ணனைத் தேடினப்போ கடல் எப்படி இருந்துச்சு, தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் கரையில மயங்கிக் கிடந்தேன்."

"நான் தேடுற வள்ளத்துல இருந்தேன். நாலு நாள் ஊர்ல ஒருத்தரும் வலை போடல. நாலு நாளும் தண்ணி குளம் மாதிரி கிடந்துச்சு. அதனாலதான் அண்ணன் உடம்பாவது கிடைச்சுச்சு."

அவளுக்குக் கோபம் பொங்கியது. "செத்த பிறகு அடங்கி என்ன? ஆண்டவர் பிந்தி வந்தா போதுமா?"

"போதாதுக்கா. வேதத்துல மார்த்தாளும் இதையேதான் கேட்டா. கூடப்பிறந்தவனை அடக்கம் பண்ணி நாலு நாள் கழிச்சுத்தான் ஆண்டவர் அவ ஊருக்கு வந்தாரு. கல்லறைக்குப் போற வழியில என்ன செஞ்சாரு?"

அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம்.

"அழுதாரு" என்றாள்.

அவள் புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நடுவுல எனக்கு அழுகை வந்துட்டா?"

"தலையைக் குனியாதீங்கக்கா. வாசலுக்கு வெளிய ஆண்டவரும் அழுதுகிட்டுத்தான் நிப்பாரு."