பரண் ஏறிய போன்

கோமதிநாயகத்துக்கு எழுபத்தொரு வயது. அந்த வயதில் மனிதர் தன் சொந்த மனைவியைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து எரிந்திருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லி ஆறியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மடத்துக்கு வந்தார். தென்காசிக்குப் பக்கத்தில் இரண்டே அறை உள்ள சின்ன மடம். அங்கே இருந்த சிதம்பரசாமிக்கு வயது ஐம்பதுதான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷமாகக் கோமதிநாயகம் அவருடைய சீடர். சீடர் குருவைச் சாமி என்பார், குரு சீடரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

சாமி மதியச் சாம்பாருக்கு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"என் மக மனசுல எனக்கு இடம் இருக்கா, இல்லையா?"

"யாரு இல்லைன்னது?"

"வாட்ஸ்அப்பு சொல்லுதே!"

சாமி அடுத்த காயை எடுத்தார்.

ஒரே மகள் ஆனந்தி. கல்யாணமாகி ஆக்லாந்தில் இருக்கிறாள். குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் கோமதிநாயகம் தினமும் காலை ஆறு மணிக்கு முருகன் படத்தோடு காலை வணக்கம் போடுவார். ஒரு நாள் தவறியதில்லை. மருமகன் கைகூப்பும் படம் ஒன்று போடுவார். மகள் ஒன்றும் போடமாட்டாள்.

"எங்க வீட்டுக்காரி ஒரு நாள் கருகிப்போன தோசையைப் படம் எடுத்துப் போட்டா. கருகின தோசை, சாமி! ரெண்டே நிமிஷம். ஒரு சிவப்பு ஹார்ட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சி அஞ்சு, அதுக்கு மேல ஒரு வாய்ஸ் மெசேஜ். முருகனுக்கு இல்லாத மரியாதை தோசைக்கு."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"சிரிங்க சாமி, சிரிங்க. அடுத்ததைக் கேளுங்க. போன வாரம் பேஸ்புக்கில பாக்கேன், பேத்தி மித்ரா கையில மாவுக்கட்டு! சைக்கிள்ல இருந்து விழுந்து நாலு நாளாச்சாம். எனக்குத் தெரியாது. ஊரே பாத்து லைக் போட்டிருக்கு. என்கூட ஹைவேஸ்ல வேலை பாத்த ஆறுமுகம், 'சீக்கிரம் குணமாகட்டும்'னு எனக்கு முந்தி எழுதியிருக்கான்."

"வீட்டுல கேட்டீங்களா?"

"கேட்டேன். 'எனக்கு அன்னைக்கே தெரியும். உங்களுக்குப் பிரஷர் ஏறிருமேன்னு சொல்லல'ங்கா. சாமி, அவ அதைச் சொன்ன பிறகுதான் ஏறிச்சு."

பேத்தியின் கைவலியைவிட, அது மனைவி செண்பகவல்லிக்கு முதலில் தெரிந்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது. அதை நினைத்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வலித்தது.

சாமியின் முறத்திலிருந்து அவரும் ஒரு காயை எடுத்து நார் உரித்தார்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றார் கோமதிநாயகம்.

வியாழக்கிழமை செண்பகவல்லி குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய போனை எடுத்து, ஆஃப் செய்து, ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி, அங்கே இருந்த எவர்சில்வர் அண்டாவுக்குள் வைத்து மூடிவிட்டார். மாடிப்படி ஏறவே மூட்டுவலி என்று முனகுகிற மனிதர், பரணில் அன்றைக்கு என்னமாய் ஏறினார்! இறங்கும்போது மனசு குளிர்ந்து கிடந்தது. இனி மகள் கூப்பிட்டால் இவருடைய போனுக்குத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

செண்பகவல்லி வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டாள். துணி பீரோவைக் காலி செய்து தேடினாள். பேத்தி அனுப்பிய படமெல்லாம் போயிற்றே என்று அழுதாள். கடைசியில் காலையில் சிலிண்டர் போட வந்த ஆள் மேல் சந்தேகம் போயிற்று. ஏஜென்சிக்குப் பேச வேண்டும், உங்கள் போனைக் கொடுங்கள் என்று வந்து நின்றாள். "அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல, விடு. எங்கயும் போயிருக்காது" என்று சமாளித்தார் கோமதிநாயகம். அவனுக்காகப் பேசியதற்கு, இவருக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அவள் வேறு சொன்னாள்.

"அந்தப் போன் இப்ப எங்க?" என்றார் சாமி.

"அண்டாவுலதான் இருக்கு."

"வீட்டுக்குப் போனதும் எடுத்துக் கொடுங்க. நீங்கதான் வச்சீங்கன்னும் சொல்லுங்க."

"சொல்லுதேன் சாமி."

"மக கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா! அன்னைக்கு மத்தியானமே கூப்பிட்டா. அம்மா போன் ஏன் கிடைக்கலன்னுதான். ஆனா மறுநாளும் கூப்பிட்டா. நேத்தும் கூப்பிட்டா. என் போனுக்கு!"

"சந்தோஷம்தானே அண்ணாச்சி?"

"எங்க சாமி சந்தோஷம்? மூணு நாளும் அவ அம்மாகிட்டதான் பேசுதா. எங்க வீட்டுக்காரி என் போனை வாங்கிட்டு அடுப்படிக்குப் போனா, முக்கால் மணி நேரம் சிரிப்பும் பேச்சும். நான் வெளியில உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கேன். இப்ப என் போனும் அவகிட்டயே போயிட்டு. இன்னைக்குக் காலையில கேட்டு வாங்கிட்டு வர்றதே பெரும்பாடாப் போச்சு."

சாமி முறத்தைத் தள்ளி வைத்தார்.

"நேத்து மக கூப்பிட்டா. நீங்க எடுத்தீங்க. என்ன பேசினீங்க?"

"என்ன பேச? 'நல்லா இருக்கீங்களாப்பா'ன்னா. 'இருக்கேன்'னேன். 'சாப்பிட்டாச்சா'ன்னா. 'ஆச்சு'ன்னேன்."

"பிறகு?"

"பிறகு என்ன, 'இந்தா, அம்மாட்ட கொடுக்கேன்'னு கொடுத்துட்டேன்."

"அம்மாட்ட கொடுங்கன்னு அவ கேட்டாளா?"

"கேக்கத்தானே போறா? அவ கேட்டு நான் கொடுத்தா எனக்கு என்ன மரியாதை? அதான், கேக்கதுக்கு முந்தி நானே கொடுத்திருவேன்."

"எத்தனை வருஷமா?"

"அவ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன நாள்ல இருந்து அப்படித்தான்."

இதைச் சொல்லும்போது கோமதிநாயகத்தின் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இருபது வருஷத்தில் ஒரு தடவையாவது மகளிடம் மூக்குடைபட்டதில்லையே.

சாமி எழுந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இப்ப அவளைக் கூப்பிடுங்க."

"இப்பவா? இங்கிருந்தா?"

"அங்க இப்ப சாயங்காலம். வீட்டுலதான் இருப்பா. கூப்பிடுங்க."

"என்ன விஷயம்னு கூப்பிட சாமி?"

சாமி அவருடைய சட்டைப் பையைக் காட்டினார்.

கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகளை அவராகக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. பெயரைத் தேடி எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நாலாவது மணியில் எடுத்தாள்.

"அப்பா! என்னப்பா? அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கா."

"உங்களுக்கு? ஆஸ்பத்திரியில இருக்கீங்களா?"

"இல்ல, இல்ல. மடத்துல இருக்கேன்."

"அப்ப எதுக்குப்பா கூப்பிட்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"சும்மாதான்" என்றார்.

"சும்மாவா?" என்றாள் ஆனந்தி. அவள் குரல் மாறியிருந்தது. "நீங்களா? சும்மா கூப்பிட்டீங்களா?"

"ம்."

"மித்ரா கையைப் பத்திக் கேக்கவாப்பா? உங்ககிட்ட நான் சொல்லலன்னு கோவமா?"

கோமதிநாயகத்துக்குச் சொல்ல வேண்டியது எக்கச்சக்கமாக இருந்தது. கோபம் என்று சொல்லலாம். இல்லை, கோபம் இல்லை, கஷ்டம் என்று சொல்லலாம். அம்மாவின் போன் பரணில் இருப்பதைக்கூடச் சொல்லிவிடலாம். எதுவும் வாய்க்கு வரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது.

"இந்தாம்மா, ஒரு நிமிஷம் இரு, கொடுக்கேன்" என்று போனைச் சாமியின் பக்கம் நீட்டினார்.

சாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கோமதிநாயகம் சாமியின் முகத்தைக் கெஞ்சுவது மாதிரிப் பார்த்தார். சாமி அசையவில்லை.

"அப்பா?" என்றது போன். "யாருட்டப்பா கொடுக்கீங்க? உங்ககிட்டதானே கேட்டேன்."

"இங்க வேற ஆள் இல்லை அண்ணாச்சி" என்றார் சாமி. "நீங்கதான் இருக்கீங்க."