கண்ணு மூடின பச்சைத் திரை

ஒரு ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் ஜோசியர் இருந்தாரு, பேரு குற்றாலம். சிரிக்காதடி, நெசமாத்தான். அவர்கிட்ட ஒரு அரதப்பழசு கம்ப்யூட்டர், அது மேல குண்டா ஒரு திரை. கறுப்புல பச்சை எழுத்தா மினுமினுன்னு ஓடும். சுத்துவட்டாரத்துல எந்தக் கல்யாணமா இருந்தாலும் அந்தப் பச்சை எழுத்துல பொருத்தம் பார்த்தாத்தான் தாலி. ம் சொல்லு, இல்லேன்னா நிறுத்திருவேன்.

"ம்."

அப்புறம் ஜோசியர் மகனுக்குக் கல்யாணம் ஆச்சு. மருமக பேரு தங்கபுஷ்பம். டிவி கம்பெனியில ஈயம் பத்தவைக்கிற வேலை பார்த்த பொண்ணு. அவ வலது காலை எடுத்து வாசப்படி தாண்டி வச்சா பாரு, உள்ள இருந்த திரை டிக், டிக், டிக்குன்னு அடிச்சுது. அப்புறம் புஸ்ஸுன்னு ஒரு கருகல் வாடை. திரை அணைஞ்சு போச்சு. ஆரத்தித் தட்டைப் பிடிச்சவ அப்படியே நிக்கிறா.

மாமியார் சிதம்பரத்தம்மா என்ன சொன்னா தெரியுமா? "இவ கால் வச்ச நேரம், வீட்டு விளக்கு அணைஞ்சு போச்சு." வீட்டுக்குள்ள சொன்னாக்கூடப் பரவாயில்ல, தெருத்தெருவாப் போய்ச் சொன்னா. வந்து இறங்குன பொண்ணைச் சொல்ற பேச்சா அது? எனக்கு இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது. புருஷன்காரன் என்ன பண்ணுனான்னு கேளு. வாயில கொழுக்கட்டை.

அப்போ ஜோசியர் சொன்னாரு, "வர்ற முகூர்த்தத்துக்குள்ள இது எரியணும் தாயி. இல்லேன்னா நீ ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு." தங்கபுஷ்பத்துக்குக் கையில மருதாணி கூட அழியல.

புதுத் திரை வாங்குனா என்னங்கிறியா? புதுசோட ஒயரு பழசுல சேராது. சரி, பெட்டியத் தொறந்து பார்க்கலாம்னா மாமியார் விடல. "உள்ள சரஸ்வதி இருக்கா, கை வச்ச, பார்த்துக்க." ஆனா அந்தச் சத்தத்தையும் வாடையையும் வச்சே தங்கபுஷ்பத்துக்குப் புரிஞ்சு போச்சு. "போனது ஈ.எச்.டி. மாமா. அந்தச் சாமானைக் கொண்டு வந்தா, பெட்டியத் தொறக்க விடுவீங்களா?" ஜோசியர் தலையாட்டுனாரு. அது கறுப்பா உள்ளங்கை அளவுக்கு இருக்கும், தலையில இருந்து தடியா ஒரு ஒயரு போகும். திரைக்கு மின்சாரத்தை ஏத்திக் கொடுக்கிறது அதுதான். கேட்டுக்கிட்டிருக்கியா?

"ம்."

மொதல்ல டவுன்ல டிவி ரிப்பேர் கடைக்குப் போனா. கடைக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அந்தச் சாமான் எல்லாம் எடைக்குப் போட்டு எத்தனையோ காலமாச்சும்மா."

அப்புறம் பஸ் ஏறி மதுரைக்குப் போனா. அங்க ஒரு கடையில தூசி தட்டி ஒண்ண எடுத்து வச்சாங்க. அதே கறுப்பு, அதே ஒயரு. அவளுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. திருப்பிப் பார்த்தா அடியில கால் எல்லாம் வேற வரிசை. மாட்டுனா வெடிக்கும். வச்சுட்டு வந்துட்டா.

மூணாவதா, ஊருக்குத் திரும்புற வழியில ஒரு பழைய இரும்புக் கடை. பீர் மைதீன் பாய் கடை. மலை மாதிரி உடைஞ்ச டிவியாக் கெடக்கு. குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டே வந்தவ அப்படியே நின்னுட்டா. அவங்க வீட்டுத் திரை மாதிரியே ஒரு பெட்டி. கண்ணாடிய மட்டும் உருவிட்டாங்க. உள்ள கொக் கொக்னு ஒரு கோழி, முட்டை மேல உக்காந்திருக்கு.

"அடைக்கோழிம்மா, குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துக்க"ன்னாரு பாய்.

"நாளைக்கு முகூர்த்தம் பாய். அது இல்லாட்டி எனக்கு வீடு இல்ல."

பாய் அவ கையைப் பார்த்தாரு, மருதாணியைப் பார்த்தாரு. "கோழிக்குத் தெரியாம எடுக்க முடியுமா?" தங்கபுஷ்பம் பின்பக்கமாப் போயி மெல்ல மெல்ல மூடியக் கழட்டுனா. கைய உள்ள விட்டா லபக்குன்னு ஒரு கொத்து. ரத்தம் வருது, அவ கைய எடுக்கல. அந்தச் சாமானைப் பலகையோட உருவிட்டா. கோழி முட்டைய விட்டு நகரவே இல்ல. தூங்கிட்டியா?

"இல்ல..."

மறுநாள் காலையில எல்லாரும் சுத்தி நிக்க, பெட்டியத் தொறந்தா. கரண்ட்டைப் பிடுங்கியிருந்தாலும் திரையோட கண்ணாடிக் குழாய்க்குள்ள மின்சாரம் ஒளிஞ்சிருக்கும்ல, அதை எறக்கணும். கைப்பிடி போட்ட கம்பிய வச்சா. படார்னு நீலமா ஒரு பொறி. சிதம்பரத்தம்மா பொத்துன்னு தரையில உக்காந்துட்டா.

அப்புறம்தான் தங்கபுஷ்பம் உள்ள எட்டிப் பார்த்தா. உள்ள பூரா காஞ்ச பூவு, கட்டிக் கட்டியாக் குங்குமம், மஞ்சத் தண்ணி வழிஞ்ச கோடு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாமியார் பெட்டிக்குத் தெளிச்ச மஞ்சத் தண்ணியும் போட்ட பூவும் மேல இருக்கிற காத்து ஓட்டை வழியா உள்ள எறங்கி, அந்தச் சாமானைக் கொன்னு போட்டிருக்கு. கல்யாணத்தன்னிக்குக் கொஞ்சம் கூடவே தெளிச்சிருப்பா போல.

தங்கபுஷ்பம் முதுகால மறைச்சுக்கிட்டு எல்லாத்தையும் வழிச்சு முந்தானையில முடிஞ்சா. தொடைச்சா, கொண்டு வந்த சாமானை ஈயத்தால பத்த வச்சா, மூடுனா. சுவிட்சைப் போட்டா, ஸ்ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். பச்சை எழுத்து மினுமினுன்னு வந்துச்சு. ஜோசியர் கேட்டாரு, "எதனாலம்மா போச்சு?"

"பழசாயிடுச்சு மாமா."

"பொய் சொல்றா"ன்னு ஒரு குரல். எல்லாரும் திடுக்குனு திரும்பிப் பார்த்தாங்க. சிதம்பரத்தம்மாதான். தரையில உக்காந்தவ கண்ணுக்கு நேரா அந்தப் பெட்டியோட வயிறு இருந்துச்சே, அவ எல்லாத்தையும் பார்த்துட்டா. "போனது என் கையால. நான் ஊத்துன தண்ணி. இவ காலைச் சொன்னது எந்த வாயோ, அதே வாயால போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

செருப்புக்கூடப் போடல. வெயிலோட வெயிலாக் கெளம்பி, கடைசி வீட்டுல இருந்து ஒவ்வொரு வாசலா நின்னு சொன்னா. "என் மருமக மேல தப்பில்ல. தப்பு என்னுது." தங்கபுஷ்பம் கொடைய எடுத்துக்கிட்டு, "அத்தை, போதும் வாங்க அத்தை"ன்னு அழுதுக்கிட்டே பின்னாலயே ஓடுறா. அந்தம்மா நிக்கல. ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லாமச் சொல்லிட்டுத்தான் கொடைக்குள்ள வந்தா.

அம்புட்டுத்தான்டி, கதை வீடு போய்ச் சேர்ந்துருச்சு. நீயும் கண்ண மூடு.